செஸ் என்ஜின் ஓட்டக் கம்ப்யூட்டர் வாங்குகிறீர்களா? பணத்தை எங்கே போடலாம், எங்கே போட வேண்டாம்

செஸ் என்ஜினுக்காக, அதாவது ஒரு நிலையைக் கொடுத்தால் சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளுக்காக, கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு போடலாம்?" என்றுதான். ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜினை ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் கார்டே வேண்டாம். ஸ்டாக்ஃபிஷ் கிராஃபிக்ஸ் கார்டைத் தொடுவதே இல்லை, அதன் வேலை முழுக்கப் பிராசசரில்தான் நடக்கிறது. கேமிங் லேப்டாப் வாங்கினால் விலையில் பெரும்பகுதி அந்தக் கார்டுக்குப் போய்விடும், செஸ் ஓடும் நேரமெல்லாம் அது சும்மா கிடக்கும். லீலா என்ற இன்னொரு என்ஜின் இருக்கிறது, அதற்கு மட்டும் கதை வேறு, அதைப் பிறகு பார்ப்போம்.

கடைக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அதிகப் பணம் கொடுத்து நாம் வாங்குவது நேரத்தை மட்டும்தான். இருமடங்கு வேகமான கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் சொல்வதை உங்களிடம் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் இரண்டு நிமிடத்தில் ஏறக்குறைய அப்படியே சொல்லிவிடும். இருமடங்கு வேகம் என்று கேட்க மலைப்பாக இருந்தாலும் தேடலில் கூடுவது ஒன்றிரண்டு ஆழம்தான், அதாவது என்ஜின் முன்கூட்டிப் பார்க்கும் நகர்த்தல்களில் ஒன்றிரண்டு கூடும், அவ்வளவுதான். வேகம் மட்டுமே எல்லாம் இல்லை என்பதற்கு ஐபிஎம்மின் செஸ் கம்ப்யூட்டர் டீப் புளூவே போதும். 1997இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த அந்த இயந்திரம் 480 தனிச் சிப்புகளை வைத்து நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது. இன்றைய சாதாரண எட்டுக் கோர் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) கொண்ட டெஸ்க்டாப்பில் ஸ்டாக்ஃபிஷ் பார்ப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனாலும் டீப் புளூவை அது ஊதித் தள்ளிவிடும். கார்ல்சனின் உச்ச ரேட்டிங் 2882. உங்கள் கையில் இருக்கும் ஃபோனில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் அதற்கு வெகு மேலே.

அதனால் நேற்று ஆடிய ஆட்டத்தில் எங்கே தவறு விட்டோம் என்று பார்ப்பதுதான் உங்கள் தேவை என்றால் புதிதாக எதையும் வாங்காதீர்கள். இருப்பதே போதும், தாராளமாகப் போதும். வேகம் உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் சிலர்தான். ஓப்பனிங் தயாரிப்பில் ஒரே நிலையை மணிக்கணக்கில் தோண்டுபவர்கள், ஐசிசிஎஃப் என்ற அமைப்பு நடத்துவது மாதிரி என்ஜின் உதவியை அனுமதிக்கும் கரெஸ்பாண்டன்ஸ் செஸ் (ஒரு நகர்த்தலுக்கு நாள்கணக்கில் நேரம் எடுத்து ஆடும் செஸ்) ஆடுபவர்கள், ஒரே நாளில் நிறைய ஆட்டங்களை அலசிக் கொடுக்க வேண்டிய பயிற்சியாளர்கள், என்ஜின்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பவர்கள். இதில் நீங்கள் யார் என்று முடிவு செய்துகொண்டால் மேற்கொண்டு எடுக்க வேண்டிய முடிவுகள் பாதி தானாகவே எடுபட்டுவிடும்.

வாங்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாலும், இப்போது இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து முழு வேகத்தையும் கறந்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். நிறையப் பேர் கறப்பதில்லை. ஸ்டாக்ஃபிஷின் த்ரெட் எண்ணிக்கை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை இழைகளாக வேலை செய்யும் என்பது, இயல்பாக 1 என்றுதான் இருக்கும், பார்த்த நிலைகளை நினைவு வைக்கும் ஹாஷ் 16 எம்பி என்றுதான் இருக்கும். எட்டுக் கோர் வைத்துக்கொண்டு ஒரே கோரில் ஓட்டிவிட்டு, மெதுவாக இருக்கிறது, புதிது வாங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். என்ஜின் அமைப்புகளுக்குள் போய்த் த்ரெட்டை உங்கள் கோர் எண்ணிக்கைக்கு ஏற்றுங்கள், ஹாஷை 1 ஜிபி அல்லது 2 ஜிபிக்கு ஏற்றுங்கள். அப்புறம், திரையில் ஒரே நேரத்தில் நான்கைந்து நகர்த்தல் வரிசைகள் காட்டும்படி வைத்திருந்தால் ஒன்றுக்கோ இரண்டுக்கோ குறைத்துவிடுங்கள். ஒவ்வொரு கூடுதல் வரிசைக்கும் என்ஜின் தனியாக உழைக்க வேண்டியிருக்கிறது, நான்கு வரிசை கேட்டால் அதே நேரத்தில் போகும் ஆழம் நன்றாகவே குறையும். செலவே இல்லாமல் கிடைக்கும் வேகம் இது.

அடுத்தது, நீங்கள் இறக்கிய ஸ்டாக்ஃபிஷ் கோப்பு எது என்பது. அதே பதிப்பைப் பல பிராசசர் வகைகளுக்கு ஏற்பத் தனித்தனியாகத் தருகிறார்கள். 2020இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 முதல் நிலையை மதிப்பிடும் வேலையைச் சிறிய நியூரல் நெட்வொர்க் ஒன்று செய்கிறது. எட்டு பிட் எண்களைப் பெருக்குவதும் கூட்டுவதுமாக ஓயாமல் ஓடும் கணக்கு அது. பிராசசருக்குள் இருக்கும் பழைய எஸ்எஸ்இ கட்டளைகள் ஒரு தடவையில் 128 பிட்டைக் கையாளும் என்றால் ஏவிஎக்ஸ்2 என்ற புதிய கட்டளைகள் 256 பிட்டைக் கையாளும், அதாவது எட்டு பிட் எண்கள் 32ஐ ஒரே வீச்சில் முடித்துவிடும். ஆகவே ஏவிஎக்ஸ்2 உள்ள பிராசசரில் பொதுவான பழைய கோப்பை ஓட்டினால் வேகத்தில் கணிசமான பங்கை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். எதிர்ப்பக்கமாகத் தப்பு செய்தால், அதாவது பிராசசரில் இல்லாத கட்டளையைக் கேட்கும் கோப்பை இறக்கினால், என்ஜின் திறந்த உடனே மூடிக்கொள்ளும். என்ஜின் வேலை செய்யவில்லை என்று புலம்பும் பலருக்கு இதுதான் காரணம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போதும் முதல் வடிகட்டி இந்த ஏவிஎக்ஸ்2தான். இன்டெலில் 2013இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையிலிருந்து, அதாவது நான்காம் தலைமுறை ஐ3, ஐ5, ஐ7 முதல், இது இருக்கிறது. ஏஎம்டியில் ரைசன் என்று பெயர் இருந்தாலே இருக்கிறது. ஆனால் பென்டியம், செலரான் பெயரில் வந்தவற்றில் கவனம் வேண்டும், 2013க்கு வெகு காலம் கழித்து வந்த பலவற்றிலும் இதை நீக்கிவிட்டே விற்றிருக்கிறார்கள். விண்டோஸில் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் கட்டளைகள் (Instructions) என்ற வரியில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ரைசன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நுணுக்கம்: 1000, 2000, 3000 வரிசைகளில் பிஎம்ஐ2 என்ற கோப்பை எடுக்காமல் ஏவிஎக்ஸ்2 கோப்பையே எடுங்கள். அந்தத் தலைமுறைகளில் பெக்ஸ்ட் என்ற ஒரு கட்டளை மிக மெதுவாக ஓடும், பிஎம்ஐ2 கோப்பு அதைத்தான் நம்பியிருக்கிறது. 5000 வரிசையில் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் லேப்டாப்களில் வரும் 5500யூ, 5700யூ இரண்டும் பெயரில்தான் 5000, உள்ளே இருப்பது பழைய கோர். எது வேகம் என்று சந்தேகம் வந்தால் இரண்டு கோப்பையும் ஓட்டி எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

சரி, பிராசசருக்கு வருவோம். நிஜக் கோர்களின் எண்ணிக்கை, எல்லாக் கோரும் ஒன்றாக ஓடும்போது தாக்குப்பிடிக்கும் வேகம், இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் ஒரு கோர் தனியாக ஓடும்போது சில நொடிகள் தொடும் வேகம், நமக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அதே மாதிரி நான்கு கோர், எட்டுத் த்ரெட் என்று எழுதியிருந்தால் எட்டுக் கோர் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு கோரை இரண்டு த்ரெட்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும், இருமடங்காக்காது. புது இன்டெல் பிராசசர்களில் பெரிய கோர், சின்னக் கோர் என்று கலந்து வரும். ஸ்டாக்ஃபிஷ் இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளும், சின்னக் கோரும் வீண் இல்லை, பெரிய கோருக்குச் சமமும் இல்லை.

குறைந்த செலவில் நிறைவாக ஓட வேண்டும் என்றால் நான் சொல்வது ஆறு அல்லது எட்டுக் கோர் உள்ள, ஓரிரு தலைமுறை பழைய டெஸ்க்டாப் ரைசன். ரைசன் 5 5600, ரைசன் 7 5700எக்ஸ் இரண்டும் 65 வாட் ரகம், சாதாரணக் கூலரிலேயே அடங்கி ஓடும், இவற்றுக்கான ஏஎம்4 மதர்போர்டும் டிடிஆர்4 ரேமும் செகண்ட் ஹேண்டில் எளிதாகக் கிடைக்கும். ஏற்கெனவே ஏஎம்4 போர்டில் பழைய ரைசன் வைத்திருப்பவர்கள் போர்டில் இருக்கும் பயாஸ் மென்பொருளை மட்டும் புதுப்பித்துவிட்டு 12 கோர் 5900எக்ஸோ 16 கோர் 5950எக்ஸோ மாட்ட முடியுமா என்று பாருங்கள், கம்ப்யூட்டரையே மாற்றுவதைவிடச் செலவு குறைவு. உங்கள் போர்டு அதை ஏற்குமா என்பது தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்கும், அதைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். 5600, 5700எக்ஸ், 5900எக்ஸ் எதிலும் உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது, இன்டெலில் எஃப் என்று முடிபவற்றிலும் கிடையாது. திரைக்குப் படம் வரவே ஒரு கார்டு வேண்டியிருக்கும், அதற்குக் கையில் கிடைக்கும் மலிவான பழைய கார்டு ஒன்று போதும்.

நிறையக் கோர் வேண்டும், பணமும் குறைவு என்றால் அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய ஒர்க்ஸ்டேஷன்கள் இருக்கின்றன. இன்டெலின் ஸியான் ஈ5 வரிசைப் பிராசசர் உள்ளவை. இதில் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைத் தவறாமல் பாருங்கள்: வி3, வி4 என்றால் ஏவிஎக்ஸ்2 உண்டு, வி2 என்றாலோ எதுவுமே இல்லை என்றாலோ கிடையாது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். ஈ5-2680 வி4இல் 14 கோர் இருக்கிறது. ஒவ்வொரு கோரும் புது ரைசன் கோரைவிட மெதுவானதுதான், ஆனால் எண்ணிக்கை அதை ஈடுகட்டும். ரேமை நான்கு குச்சிகளாகப் போட்டால்தான் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான நான்கு சேனலும் ஓடும். சிக்கல் மின்சாரத்தில். அந்தப் பிராசசர் மட்டுமே 120 வாட் ரகம், மொத்தப் பெட்டியும் சேர்ந்து 200 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு ராத்திரி பத்து மணி நேரம் ஓடினால் 2 யூனிட், தினமும் ஓட்டினால் மாதம் 60 யூனிட். வாங்கும்போது மிச்சம் பிடித்ததை மின்கட்டணம் எத்தனை மாதத்தில் விழுங்கும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டுபவருக்கு இந்த வகை நல்ல பேரம், தினமும் விடிய விடிய ஓட்டுபவருக்குப் புதிய 65 வாட் பிராசசரே கடைசியில் மலிவு. இரண்டு பிராசசர் போட்ட பெட்டிகளும் வரும், அவற்றுக்கு ஸ்டாக்ஃபிஷ் 17 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை எடுங்கள், இரட்டைப் பிராசசர் நினைவகத்தைக் கையாளும் விதம் அதிலிருந்து நன்றாகத் தேறியிருக்கிறது.

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா என்றால் என் ஓட்டு டெஸ்க்டாப்புக்குத்தான், காரணம் சூடு. என்ஜின் எல்லாக் கோரையும் நூறு சதவீதம் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுவும் மணிக்கணக்கில். ஒல்லி லேப்டாப்கள் இந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டவை இல்லை, முதல் ஒரு நிமிடம் பறந்துவிட்டுச் சூடு ஏறியதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் பார்க்கப் போகும்போது பென் டிரைவில் ஸ்டாக்ஃபிஷையும் ஏதாவது ஓர் இலவச செஸ் மென்பொருளையும் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவரிடம் சொல்லிவிட்டுச் சார்ஜரை மாட்டுங்கள், காய்கள் நிறைய இருக்கும் நடு ஆட்ட நிலை ஒன்றைத் திறந்து எல்லாத் த்ரெட்டையும் கொடுத்து அலசல் ஓடவிடுங்கள். என்ஜின் ஜன்னலில் நொடிக்கு எத்தனை நிலைகள் என்ற எண் ஓடிக்கொண்டே இருக்கும், என்பிஎஸ் என்று போட்டிருப்பார்கள். அரை நிமிடத்தில் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பேசிக்கொண்டே பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். 60 லட்சம் என்று தொடங்கி 55 லட்சத்தில் நின்றால் நல்ல பெட்டி. 60 லட்சம் 35 லட்சமாக விழுந்திருந்தால், விசிறி கத்திக்கொண்டு இருந்தால், உள்ளே தூசி அடைத்திருக்கிறது, அல்லது பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது அந்த மாடலின் கூலிங்கே அவ்வளவுதான். முதல் இரண்டையும் சரிசெய்துவிடலாம், மூன்றாவதை முடியாது. இந்தப் பத்து நிமிடச் சோதனையை ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள், அவ்வளவு உறுதியாகச் சொல்வேன்.

இந்த எண்ணை ஒப்பிடும்போது ஒரே என்ஜின், ஒரே பதிப்பு, ஒரே நிலை என்பதை மறக்க வேண்டாம். பழைய பதிப்புகளில் மதிப்பீடு எளிமையாக இருந்ததால் நொடிக்கு அதிக நிலைகள் காட்டும், புதியது குறைவாகக் காட்டும், ஆனால் பலம் புதியதுக்குத்தான். துல்லியமாக ஒப்பிட விரும்பினால் ஸ்டாக்ஃபிஷுக்குள்ளேயே பெஞ்ச் என்ற கட்டளை இருக்கிறது. 17.1 பதிப்பிலிருந்து ஸ்பீட்டெஸ்ட் என்ற கட்டளையும் வந்திருக்கிறது, எல்லாத் த்ரெட்டையும் வைத்து நிஜ அலசல் மாதிரி ஓட்டி ஓர் எண்ணைச் சொல்லும், இரண்டு கம்ப்யூட்டரை ஒப்பிட அதுதான் மேல்.

ரேம் விஷயத்தில் பலர் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். ஏற்கெனவே பார்த்த நிலைகளை நினைவு வைத்துக்கொள்ளும் இடம்தான் ஹாஷ். சில நிமிட அலசலுக்கு 1, 2 ஜிபி போதும், ராத்திரி முழுக்க ஒரே நிலையை ஓட்டினால் 8 ஜிபி கொடுக்கலாம். ஹாஷ் எவ்வளவு நிரம்பியது என்று மென்பொருளே சதவீதத்தில் காட்டும், அது வெகு சீக்கிரம் நூறைத் தொட்டால்தான் கூட்ட வேண்டும். ஆக மொத்தம் 16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி, 8 ஜிபியிலும் வேலை நடக்கும். அதை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு குச்சியாகப் போடுங்கள். செய்யவே கூடாதது, இருக்கும் ரேம் முழுவதையும் ஹாஷுக்குக் கொடுப்பது. விண்டோஸுக்கும் உலாவிக்கும் மூன்று நான்கு ஜிபி விடாவிட்டால் கம்ப்யூட்டர் டிஸ்கை ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கும், அப்போது வேகம் தரைதட்டும்.

எஸ்எஸ்டி வேண்டும், ஆனால் சாதாரணமானதே போதும். இறுதியாட்டத்துக்கான சிசிஜி டேபிள்பேஸ்களை, அதாவது சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்கு முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த விடைகளை, வைப்பதாக இருந்தால் மட்டும் அளவைக் கணக்கிடுங்கள். ஐந்து காய் வரையிலானது ஏறக்குறைய 1 ஜிபி, அதை யோசிக்காமல் இறக்கி வையுங்கள். ஆறு காய் சுமார் 150 ஜிபி, இறுதியாட்டங்களில் ஆழமாகப் போகிறவர்களுக்கு இது பயன்படும். அதில் வெற்றி, சமன், தோல்வி சொல்லும் கோப்புகளைத்தான் என்ஜின் தேடலின் நடுவே ஓயாமல் தொடும், அவை எஸ்எஸ்டியில் இருக்கட்டும். இன்னொரு பாதியைப் பழைய ஹார்டு டிஸ்கில் வைத்தாலும் குறையில்லை. ஏழு காய் சுமார் 18 டிபி. அதற்காக டிஸ்க் வாங்காதீர்கள், லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் அந்த நிலையை வைத்தால் இலவசமாகவே விடை வந்துவிடும்.

இப்போது லீலா. தன்னோடு தானே ஆடிக் கற்ற ஆல்ஃபாஸீரோ என்ற என்ஜின் காட்டிய வழியில் 2018இல் தொடங்கிய திறந்த மூல என்ஜின் இது. நெட்வொர்க் மிகப் பெரியது என்பதால் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ஆமை வேகம்தான். என்விடியா கார்டில்தான் நன்றாக ஓடும், அதிலும் நெட்வொர்க் கணக்குகளுக்கென்றே உள்ள டென்சர் கோர் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து எடுங்கள். ஜிடிஎக்ஸ் 1660 மாதிரிக் கார்டுகளில் அந்தக் கோர் இல்லை. ஆர்டிஎக்ஸ் 2060, 3060 செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் வீட்டு அலசலுக்கு நல்ல தொடக்கம். ஆனால் அலுவலகப் பெட்டிகளில் கார்டுக்கான மின் இணைப்பே பெரும்பாலும் இருக்காது, பவர் சப்ளையும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருக்கும், மாற்றுவது கடினம். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கார்டைத் தேட வேண்டும். லீலா அவசியமா என்று கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு அவசியமில்லை. மூடிய, இறுகிய நிலைகளில் இன்னொரு பார்வை கிடைக்கும் என்பது உண்மை, ஓப்பனிங் தயாரிப்பவர்களுக்கு அது மதிப்பு உள்ளதுதான். மனிதர் மாதிரி ஆடும் எதிராளி வேண்டும் என்று லீலாவைத் தேடுபவர்கள் மையா என்ற நெட்வொர்க்கை எடுங்கள். லீலா மூலமாகவே ஓடும், தேடல் இல்லாமல் ஒரே பார்வையில் காயை நகர்த்தும், அதற்கு எந்தப் பழைய கம்ப்யூட்டரும் போதும்.

என்ஜின்களை மோதவிடுபவர்களுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். ஒரு ஆட்டத்துக்கு ஒரு த்ரெட் கொடுத்து ஒரே நேரத்தில் பல ஆட்டங்களை ஓட்டுவதால் மெதுவான கோர்கள் நிறைய இருப்பதே நல்லது. ஹைப்பர்த்ரெட்டைக் கணக்கில் சேர்க்காமல் நிஜக் கோரில் ஒன்றிரண்டைக் காலியாக விட்டு மிச்சத்தில் ஓட்டுங்கள், இல்லையென்றால் ஒரு என்ஜின் இன்னொன்றின் நேரத்தைத் தின்று முடிவுகள் கெட்டுவிடும். சின்ன வித்தியாசத்தை உறுதிசெய்யவே ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டியிருக்கும், பழைய ஸியான் பெட்டி ஜொலிக்கும் இடம் இதுதான். ஸ்டாக்ஃபிஷே ஃபிஷ்டெஸ்ட் என்ற அமைப்பு வழியாகத் தன்னார்வலர்கள் தரும் கம்ப்யூட்டர்களில் சோதிக்கப்பட்டுத்தான் வளர்ந்துகொண்டிருக்கிறது.

வருடத்துக்கு ஒன்றிரண்டு போட்டிகளுக்கு முன்னால் மட்டும்தான் பெரிய வேகம் தேவை என்றால் வாங்கவே வேண்டாம், மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் சர்வரை எடுங்கள். முப்பது நாற்பது கோர் உள்ளதை ஒரு மாலை மட்டும் ஓட்டிவிட்டு அணைத்துவிடலாம். அணைக்க மறந்தால் பில் ஏறிக்கொண்டே இருக்கும், அதற்கு ஃபோனில் ஓர் அலாரம் வைத்துவிடுங்கள். அங்கேயும் விளம்பரத்தில் சொல்லும் எண் பெரும்பாலும் த்ரெட் எண்ணிக்கை, நிஜக் கோர் அதில் பாதி என்று வைத்துக்கொண்டு விலையை ஒப்பிடுங்கள்.

வாங்கி வந்த பெட்டியை முதல் முறை ராத்திரி முழுக்க ஓடவிடும் முன், தூங்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள், விண்டோஸ் அப்டேட் நடுவில் மறுதொடக்கம் செய்யாதபடி நேரம் குறித்துவிடுங்கள். காற்றோட்டம் இல்லாத மேசை அலமாரிக்குள் பெட்டியைத் திணிக்காதீர்கள். வாங்கிய அன்றே ஸ்பீட்டெஸ்ட் ஓட்டி வந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே பதிப்பில் மறுபடி ஓட்டுங்கள். எண் நன்றாகக் குறைந்திருந்தால் மூடியைத் திறந்து தூசியைத் தட்டி, அதற்கும் ஏறவில்லை என்றால் பேஸ்டை மாற்றுங்கள்.